கடைசியில் நிற்கும் அணிக்கு யார் தேவை?



ஓர் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. பழைய வீரர்களை அனுப்பிவிட்டுப் புதிதாகக் கட்டியெழுப்பப் போகிறோம் என்று அறிவிக்கிறது. அந்த ஆண்டின் திறமையான இளைஞர்கள் எல்லோரிலும் முதலாவது ஆளைத் தெரிவு செய்யும் உரிமை அதற்குக் கிடைக்கிறது. யாரைத் தெரிவு செய்வது? எல்லோரிலும் கெட்டிக்காரனையா? அல்லது அந்த அணியில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறவனையா?

ஷோனெஃபெல்டில் வேலை செய்யும் நாங்கள் சிலபேர் இந்தக் கேள்வியை வைத்துச் சில வருடங்களாக வாதாடி வருகிறோம். கேள்வி அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றியது. "வந்த இடத்தில் வீட்டு வாடகையும் விசாவும் பெரிய பாடாக இருக்கும்போது அமெரிக்கப் பந்தாட்டம் எங்களுக்கு ஏன்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது எங்கள் வீடுகளுக்குள்ளும் வருகிற கேள்விதான்.

எங்கள் ஊரும் எங்கள் பவுசேயும்

புதிதாக வந்தவர்களுக்காக ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஷோனெஃபெல்ட் பேர்லின் நகரத்தின் தெற்கு எல்லையோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் அது பேர்லின் அல்ல, பிரண்டன்பேர்க் மாநிலம். 1980களின் நடுப்பகுதியில், அது கிழக்கு ஜேர்மனியாக இருந்த காலத்தில், எங்களுக்கு முன் வந்த தமிழர்களில் பலர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கித்தான் மேற்கு பேர்லினுக்குள் போனார்கள். இன்று 2020 ஒக்டோபர் 31 இல் திறக்கப்பட்ட பெரிய விமான நிலையம் இருக்கிறது. அதை அண்டிய தொழிற்சாலைகளிலும் பண்டசாலைகளிலும் எங்களைப் போன்றவர்கள் மூன்று சிஃப்டுகளாக வேலை செய்கிறார்கள்.

எங்கள் பவுசே அரை மணித்தியாலம். மேசையில் தமிழர், சிரியர், ஆப்கானியர், போலந்துக்காரர் என்று எல்லோரும் இருப்போம். அரசியல் கதைத்தால் சண்டை வரும். குடும்பம் கதைக்க டொச் போதாது. பந்தாட்டம் கதைக்க மட்டும் எல்லோரிடமும் போதுமான டொச் இருக்கிறது. உதைபந்தாட்டத்தில் ஆளுக்கு ஒரு கழகம் என்பதால் அங்கும் கோபம் வரும். கூடைப்பந்தாட்டத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. பக்கத்தில் அல்பா பேர்லின் இருக்கிறது. அதன் ஆட்டங்கள் நடக்கும் ஊபர் அரங்குக்கு ஷோனெஃபெல்டில் எஸ் 9 ரயில் ஏறினால் வார்ஷவர் ஸ்ட்ராஸ நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

ஊரில் எங்கள் பெண்பிள்ளைகள் விளையாடிய வலைப்பந்தாட்டம் இதற்குச் சொந்தக்கார விளையாட்டுத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை அணிக்காக விளையாடிய தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இருந்தவர். அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். நாங்கள் கீழே சொல்லப்போகிற அமெரிக்க நட்சத்திரம் ஒருவருக்கும், பேர்லின் பையன் ஒருவருக்கும் அதே உயரம்தான்.

தோற்றவனுக்கு முதலிடம்

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கப் போட்டித் தொடரில் 30 அணிகள் உள்ளன. ஜேர்மன் உதைபந்தாட்டத்தில் கடைசியாக வரும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். அமெரிக்காவில் அப்படி இறக்குவது இல்லை. அதற்குப் பதிலாக, வருடாவருடம் புதிய இளைஞர்களை அணிகளுக்குப் பங்கிடும் ஒரு நாள் இருக்கிறது. அதை ட்ராஃப்ட் என்கிறார்கள். பலவீனமான அணிகள் முன்னுக்குத் தெரிவு செய்யும், பலமான அணிகள் பின்னுக்குத் தெரிவு செய்யும். பணக்கார அணியே எல்லோரையும் வாங்கிவிடக் கூடாது என்பது நோக்கம்.

இதிலும் ஒரு குறும்பு உண்டு. கடைசியாக வந்தால் நல்ல ஆள் கிடைக்கும் என்றால் வேண்டுமென்றே தோற்கலாம் அல்லவா? அதனால் முதல் இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். 2019 இல் மாற்றிய விதியின்படி, மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்புச் சமமாக நூற்றுக்கு 14 ஆனது. 2022 இல் 82 ஆட்டங்களில் 20 மட்டும் வென்று எல்லோருக்கும் கீழே இருந்தது ஹூஸ்டன் அணி. குலுக்கலில் அதற்குக் கிடைத்தது மூன்றாவது இடம். 22 ஆட்டங்கள் வென்ற ஒர்லாண்டோ முதலாவது. 24 ஆட்டங்கள் வென்ற ஒக்லஹோமா சிற்றி இரண்டாவது. மூன்று அணிகளும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தவை.

பேர்லின் பையன் போன இடம்

ஒர்லாண்டோ எங்களுக்கு ஏன் முக்கியம்? அங்கே பேர்லின் பையன்கள் இருக்கிறார்கள். அண்ணன் மோரிற்ஸ் வாக்னர், தம்பி ஃபிரான்ஸ் வாக்னர், இருவரும் பேர்லினில் பிறந்து அல்பாவில் வளர்ந்தவர்கள். 2021 மார்ச்சில் ஒர்லாண்டோ தன் பெரிய வீரர்களான வுச்செவிச், கோர்டன், ஃபூர்னியே மூவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. வுச்செவிச்சைச் சிக்காகோவுக்குக் கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்த தெரிவு உரிமையைக் கொண்டுதான், அதே ஆண்டு யூலையில் எட்டாவது ஆளாக ஃபிரான்ஸ் வாக்னரை எடுத்தது. அப்போது அவருக்கு 19 வயது. முதல் வருடத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளிகள் எடுத்தார்.

அப்படி ஒரு பையன் ஏற்கெனவே இருக்கும் அணிக்கு, 2022 இல், பக்கத்தில் நிற்க யார் வேண்டும்? எங்கள் வாதம் இங்கேதான் தொடங்கியது.

மூன்று பையன்கள்

அந்த ஆண்டு மூன்று பேர் முன்னணியில் இருந்தார்கள்.

முதலாமவர் பாவ்லோ பங்கேரோ. டியூக் பல்கலைக்கழகம். 208 சென்ரிமீற்றர் உயரம், 110 கிலோவுக்கு மேற்பட்ட கனத்த உடம்பு. பந்தைத் தானே கொண்டுபோய்த் தானே போடக்கூடியவர், மற்றவனுக்கும் கொடுக்கத் தெரிந்தவர். தாயார் ரோண்டா சிமித்தும் தொழில்முறை வீராங்கனை.

இரண்டாமவர் செற் ஹோல்ம்கிரன். கொன்சாகா பல்கலைக்கழகம். உயரம் 216 சென்ரிமீற்றர், நிறையோ 90 கிலோ கூட இல்லை. எதிரி எறியும் பந்தைத் தடுப்பதில் ஆட்டத்துக்குச் சராசரி 3.7. இந்த உடம்பு பெரிய ஆட்களின் இடிக்குத் தாங்குமா என்பதுதான் எல்லோருடைய சந்தேகமும்.

மூன்றாமவர் ஜபாரி சிமித். ஓபர்ன் பல்கலைக்கழகம். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகளில் நூற்றுக்கு 42 ஐக் கூடைக்குள் போட்டவர். ஒர்லாண்டோ இவரைத்தான் எடுக்கும் என்று பெரும்பாலானோர் கடைசி நாள்வரை நம்பியிருந்தார்கள்.

2022 யூன் 23 ஆம் திகதி மாலை நியூயோர்க்கில் தெரிவு நடந்தது. இங்கே அப்போது நள்ளிரவு கடந்து இரண்டு மணி, எங்களுக்கு இரவு சிஃப்ட். அதற்கு முந்திய வாரம் முழுக்க எங்கள் மேசை மூன்றாகப் பிரிந்திருந்தது.

எங்களில் மூத்தவர் சாவகச்சேரிக்காரர். அவர் பங்கேரோ பக்கம். "ஆட்டம் முடிய ஒரு நிமிசம் இருக்கேக்க எல்லாருக்கும் கை நடுங்கும். அந்த நேரம் பந்தைக் குடுத்தால் போட்டிட்டு வாறவன் ஒருத்தன் வேணும். மற்றதெல்லாம் பிறகு பாக்கலாம்."

மட்டக்களப்புத் தம்பி விடவில்லை. "அண்ணை, அந்த அணியில தூரத்தில இருந்து எறிய ஆளே இல்லை. வாக்னர் உள்ளுக்குள்ள ஓடிற ஆள். இன்னொருத்தனும் உள்ளுக்குள்ள ஓடினால் இரண்டு பேரும் முட்டுப்படுவினம். சிமித்தை எடுத்து வெளியில நிப்பாட்டினால் வாக்னருக்குப் பாதை கிடைக்கும்."

ஹோல்ம்கிரனுக்காக வாதாடியவர் மன்னார்க்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். "உவன் காத்தடிச்சா விழுந்திடுவான்" என்றார் சாவகச்சேரி அண்ணை. மன்னார்க்காரர் மட்டும், "மெல்லிசாய் இருக்கிறது ஒரு குறையில்லை அண்ணை, அது வயசு. பந்து எங்க வரும் எண்டு முன்னுக்கே தெரியிறது பழக்கி வாறதில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒர்லாண்டோ பங்கேரோவை எடுத்தது. ஒக்லஹோமா சிற்றி ஹோல்ம்கிரனை எடுத்தது. ஹூஸ்டனுக்கு சிமித் கிடைத்தார்.

பிறகு நடந்தவை

முதல் வருடம் சாவகச்சேரி அண்ணை தலை நிமிர்ந்து நடந்தார். பங்கேரோ ஆட்டத்துக்கு 20 புள்ளிகள் எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த புதிய வீரர் விருதையும் பெற்றார். 22 வெற்றிகளில் இருந்த ஒர்லாண்டோ அடுத்தடுத்து 34, 47 என்று ஏறியது.

ஹோல்ம்கிரனோ 2022 ஓகஸ்டிலேயே பாதத்தில் காயப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட இல்லை. "நாங்கள் சொன்னம்தானே" என்றது மேசை. ஆனால் ஒக்லஹோமா அவரை அவசரப்படுத்தவும் இல்லை, கைவிடவும் இல்லை. அடுத்த பருவத்தில் அவர் 82 ஆட்டங்களிலும் ஒன்றுவிடாமல் இறங்கினார். மெல்லிய உடம்பு என்ற குறைக்கும் அணி ஒரு வழி பார்த்தது. 2024 கோடையில், ஜேர்மனியின் தேசிய அணிக்கு விளையாடிய பலசாலி இசையா ஹார்ட்டென்ஸ்டைனைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியது. இடி வாங்குகிற வேலையை ஹார்ட்டென்ஸ்டைன் பங்குபோட, ஹோல்ம்கிரன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். 2025 யூன் 22 இல் ஒக்லஹோமா சிற்றி இந்தியானாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று சம்பியனானது. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஹோல்ம்கிரன் தடுத்த பந்துகள் ஐந்து.

அப்படியானால் மட்டக்களப்புத் தம்பி சொன்னது பிழையா? அதுவும் இல்லை. 2024-25 பருவத்தில் மூன்று புள்ளி எறிவதில் 30 அணிகளிலும் கடைசியாக நின்றது ஒர்லாண்டோ. அந்தக் குறையைத் தீர்க்க 2025 யூனில் மெம்பிஸ் அணியிடமிருந்து டெஸ்மண்ட் பேனை வாங்கியது. அதற்குக் கொடுத்த விலை இரண்டு வீரர்கள், அதோடு நான்கு முதற்சுற்றுத் தெரிவு உரிமைகள். 2022 இல் எங்கள் மேசையில் ஒரு தம்பி சொன்ன குறைக்கு மூன்று வருடம் கழித்து அவ்வளவு விலை. அதே ஒர்லாண்டோவும் மெம்பிசும் 2026 ஜனவரி 15 இல் எங்கள் ஊபர் அரங்கில் மோதியபோது தம்பிக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஹூஸ்டனும் வீணாகப் போகவில்லை. சிமித் போன பிறகு அதன் வெற்றிகள் 22, 41, 52 என்று ஏறின.

முளையிலே தெரியுமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ட்ராஃப்டின் சரித்திரத்தைப் பார்த்தால் முளையில் பாதிதான் தெரிகிறது.

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரத்துப் பையன் டேர்க் நொவிற்ஸ்கியை 1998 இல் ஒன்பதாவது ஆளாக எடுத்தது மில்வாக்கி அணி. அவர்களுக்கு வேண்டியிருந்தது பலமான உடம்புக்காரரான றொபேர்ட் ட்ரெய்லர். அவருக்காக நொவிற்ஸ்கியை டலசுக்குக் கொடுத்துவிட்டார்கள். டலசும் அந்த ஆண்டு 20 ஆட்டங்கள் மட்டும் வென்று கீழே கிடந்த அணிதான். முதல் பருவத்தில் நொவிற்ஸ்கி எடுத்தது சராசரி 8.2 புள்ளிகள். டலஸ் பொறுத்தது. அவர் 21 பருவங்கள் அதே அணியில் விளையாடி, 2011 இல் அதற்குச் சம்பியன் பட்டமும் வாங்கிக் கொடுத்தார்.

மறுபக்கமும் உண்டு. பஞ்சாப் மாநிலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சத்னாம் சிங்கை 2015 இல் 52 ஆவது ஆளாக அதே டலஸ் எடுத்தது. என்.பி.ஏ. அணி ஒன்று தெரிவு செய்த முதல் இந்தியர் அவர். நொவிற்ஸ்கியைவிட உயரம். ஆனால் என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கக் கிடைக்கவில்லை. தெரிவாவது வேறு, இடம் கிடைப்பது வேறு.

இவற்றையெல்லாம் வைத்து எங்கள் மேசை ஓரளவுக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. யார் சிறந்தவன் என்று தனியாகக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். அணியில் வெறுமையாக இருக்கும் இடம் எது? வருகிறவன் வளரும்வரை பொறுத்திருக்க அணியால் முடியுமா? அவனுடைய குறையைத் தாங்கப் பக்கத்தில் யாரை நிறுத்தப் போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் அணிக்கு இரண்டாவது ஆளும் போதும், ஒன்பதாவது ஆளும் போதும். பதில் இல்லாத அணிக்கு முதலாவது ஆள் கிடைத்தும் பலன் குறைவு.

மன்னார்க்காரரின் கணக்கு

ஹோல்ம்கிரனுக்காக ஏன் இப்படி ஒற்றைக்காலில் நின்றீர்கள் என்று 2025 இல் மன்னார்க்காரரைக் கேட்டோம். அவர் சொன்ன பதில் பந்தைப் பற்றியது அல்ல. அவருடைய மகளுக்கு வந்தபோது வயது ஒன்பது. முதல் வருடம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தில் பிள்ளைக்கு ஆற்றல் குறைவு என்ற பொருளில் எழுதியிருந்தது. "ஒரு வருசம் பேசாமல் இருந்த பிள்ளையை, பேசத் தெரியாத பிள்ளை எண்டு எழுதிப்போட்டினம். அவள் அந்த வருசம் முழுக்கக் கேட்டுக்கொண்டல்லோ இருந்தவள்" என்றார். மேசையில் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பவுசே முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது, எல்லோரும் வேளைக்கே எழும்பிப் போனோம்.

பேர்லினிலும் பிரண்டன்பேர்க்கிலும் ஆரம்பப் பாடசாலை ஆறாம் வகுப்புவரை. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் நான்காம் வகுப்புவரைதான். அது முடியும்போது பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் பொருத்தம் என்று ஆசிரியர் பரிந்துரை எழுதுவார். கிம்னாசியம் கிடைக்காவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று எங்கள் வீடுகளில் அழுகிறார்கள். பிரண்டன்பேர்க்கில் கெசாம்ட்ஷூலயிலும் 13 ஆம் வகுப்புவரை படித்து அபிற்றூர் எடுக்கலாம் என்பதை எத்தனை பேர் அறிவோம்? மன்னார்க்காரரின் மகள் இப்போது அந்த வழியில்தான் படிக்கிறாள். அவள் எங்கே போய்ச் சேருவாள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் பொறுத்திருக்கிறார்.

ஆசிரியர்களை மட்டும் சொல்லவும் முடியாது. "இவன் டொக்டர், இவன் எஞ்சினியர், இவன் ஒண்டுக்கும் உதவான்" என்று பத்து வயதில் தெரிவு நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கள் குடும்பங்களும் அடியிலிருந்து கட்டியெழுப்பும் அணிகள்தான். ஒரு பிள்ளைக்கு டொச் வேகமாக வரும், இன்னொன்றுக்குக் கை வேலை வரும், மற்றொன்று வீட்டில் எல்லோரையும் சேர்த்து வைத்திருக்கும். மூன்றுமே வீட்டுக்குத் தேவையான இடங்கள்.

குலுக்கல் இல்லாத அணி

கடைசியாக ஒன்று. நாடுகளின் அணிக்கு ட்ராஃப்ட் இல்லை, வாங்கவும் முடியாது. இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் விளையாட வேண்டும். 2023 செப்ரெம்பரில் மணிலாவில் ஜேர்மனி அமெரிக்காவை 113 இற்கு 111 என்று வென்று, பிறகு இறுதியாட்டத்தில் சேர்பியாவை 83 இற்கு 77 என்று வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியில் ட்ராஃப்டில் முதல் ஐந்துக்குள் வந்தவர் ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவுக்கு எதிராக 24 புள்ளிகள் எடுத்த அன்ட்ரேயாஸ் ஒப்ஸ்டை எந்த அமெரிக்க அணியும் ட்ராஃப்டில் எடுத்ததே இல்லை. தலைவர் டெனிஸ் ஷ்ரோடர் 2013 இல் 17 ஆவதாக எடுக்கப்பட்டவர். அவருடைய தாயார் காம்பியா நாட்டவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜேர்மனியின் கொடியைப் பிடித்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். 2025 இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் அதே அணி வென்றது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை உயரமோ கட்டையோ, மெலிவோ பருமனோ, பக்கத்திலுள்ள விளையாட்டுக் கழகத்தில் ஒருமுறை கொண்டுபோய் விடுங்கள். சமூக உதவிப் பணம், வீட்டு வாடகை உதவி, அகதிகளுக்கான உதவி ஆகியவற்றைப் பெறும் குடும்பங்களின் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, கழகச் சந்தாவுக்காக மாதம் 15 யூரோ கேட்டுப் பெறலாம். உங்களுக்கு உதவிப் பணம் தரும் அலுவலகத்திலேயே பில்டுங் உண்ட் ரைல்ஹாப என்று கேளுங்கள். அங்கே பிள்ளை பந்தைப் பிடிக்கிறதோ இல்லையோ, டொச் பிடிக்கும், நாலு கூட்டாளிகளைப் பிடிக்கும்.

ஒவ்வொரு யூன் மாதமும் எங்கள் மேசையில் வாதம் நடக்கிறது. உங்கள் பிள்ளைகள் எந்தக் கழகத்தில் என்ன விளையாடுகிறார்கள், பாடசாலையில் என்ன சொல்கிறார்கள் என்று இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறோம்.